பூனைக்கும் ஒரு உரிமம்

சென்னை மாநகராட்சி 50 ரூபாய்க்குச் செல்லப்பிராணி உரிமம் தருகிறது. நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும். அருமை! 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கும் கொடைக்கானலுக்கும் இது உடனே வரவேண்டும். ஒரு படம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, முகவரி எல்லாம் வேண்டும். காலையில் நம் வீட்டுப் பால், மதியம் பக்கத்து வீட்டு மீன்சட்டி என்று வாழும் பூனைக்கு எது முகவரி? இரண்டு உரிமம் வாங்கிவிடலாம், நகராட்சிக்கும் வருமானம். அப்படியே எலிகளுக்கும் கொடுத்துவிட்டால், உரிமம் உள்ள பூனை உரிமம் இல்லாத எலியை மட்டும் சட்டப்படி பிடிக்கும்.

கொடைக்கானல் ஏழுரோடு பக்கம் அவ்வப்போது காட்டுமாடு இறங்கும். ஏறக்குறைய ஒரு டன். அதனிடம் மட்டும் யாரும் காகிதம் கேட்பதில்லை.

மலையேறும் அன்பர்களே, மறக்காமல் இ-பாஸ் எடுங்கள். கொம்பிருந்தால் தேவையில்லை.