எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் அண்ணன்

முடிச்சூர் சாலையில் காலை ஆறரை மணிக்கு ஒரு குட்டி யானை வரும். முதலில் ஹார்ன் வரும்; அடுத்து வெளிச்சம் வரும்; வண்டி சாவகாசமாகக் கடைசியில் வரும். ஓட்டி வருபவர் நம் தண்ணி கேன் அண்ணன். இவர் ஒருவர் என்று நினைக்காதீர்கள். சேலையூரில் காய்கறி ஏற்றுகிறார், மேடவாக்கத்தில் ஷாமியானா கட்டுகிறார், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய பீரோ கொண்டுபோகிறார். தொழில்தான் வேறு. புது வண்டியைக் கம்பெனிக்காரன் பாதியில் விட்டுப்போன வேலையாகப் பார்க்கும் கண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது ஊர் வைத்த செல்லப்பெயர் குட்டி யானை. இன்றைக்கு எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டியையும் ஜனங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணனுடையது எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

சாவி வாங்கிய அன்றே வண்டி பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் போனது. பல்லவன் சாலையில் நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கின. திரும்பும் வழியில் புதுப்பேட்டை. கற்பூர வாசனை போவதற்குள் வயரிங்கை வெட்டிவிட்டார்கள்.

முதலில் ஹெட்லைட். கம்பெனி கொடுத்தது 60 வாட் பல்பு. "இதுல மாடுகூடத் தெரியாது" என்று 100 வாட்டாக மாற்றினார். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஓடிய கம்பியில் இப்போது பதினேழு ஆம்பியர் ஓட வேண்டும். ரிலே போடச் சொன்னால், "அதெல்லாம் கம்பெனி கம்பி, தாங்கும்." கம்பெனி மேல் அவ்வளவு நம்பிக்கை! அப்புறம் ஏன் பல்பை மாற்றினீர்கள் என்று கேட்கக் கூடாது. அதே கம்பியிலேயே மியூசிக் ஹார்ன், வானவில் எல்.இ.டி. பட்டி, பாட்டுப் பெட்டி எல்லாம் ஒட்டுக் குடித்தனம் வந்தன. ஃபியூஸ் இரண்டு முறை போனது. மூன்றாம் முறை அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, "இனிமே போகாது" என்றார். உண்மைதான், ஃபியூஸ் போகவே இல்லை.

அடுத்தது பின்பக்கம். தளத்தில் ஒரு அடுக்கு கேன் வைத்தால் நாற்பது நிற்கும். அதுவே எண்ணூறு கிலோ. வண்டி சுமக்க வேண்டியதே முக்கால் டன்தான். அண்ணன் இரும்பு ஆங்கிள் வெல்டிங் செய்து மேலே இன்னொரு அடுக்கு எழுப்பினார். எண்பது கேன், பதினாறு குவிண்டால் தண்ணீர். பின்னால் தணிந்துபோனதும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகினார். நிமிர்ந்துவிட்டது. ஆனால் பட்டை போட்டதால் ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் பலம் கூடிவிடாது என்பதை வேறு யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னேன், ஹார்ன் அடித்தார்.

இவ்வளவும் செய்தவர் சீட்டின் மேல் கம்பெனி போட்ட பாலித்தீன் உறையை மட்டும் பிரிக்கவில்லை. "புதுசு போயிடும்" என்கிறார். ஏப்ரல் மாத வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை தனியாக வரும். வாரண்டிப் புத்தகம் பூஜை அறையில், மஞ்சள் குங்குமத்தோடு, லட்சுமி படத்துக்குக் கீழே இருக்கிறது. தினமும் கும்பிடுகிறார். ஒரு நாள்கூடத் திறந்ததில்லை.

ஐந்தாம் மாதம் இரும்புலியூர் பாலத்தருகே ஹெட்லைட் ஹோல்டர் உருகி, புகை வந்து, வண்டி நின்றது. சர்வீஸுக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய இரவு அண்ணன் துறவறம் பூண்டார். ஹார்ன், எல்.இ.டி., முன்னால் மாட்டிய இரும்பு கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். காலையில் பார்த்தால் வண்டி ஒரு துறவி போலச் சாந்தமாக நின்றது. ஆனால் மூக்குத்தியைக் கழற்றினாலும் ஓட்டை தெரியுமே. சர்வீஸ் பையன் பம்பரில் இருந்த நான்கு ஓட்டையைப் பார்த்தான், இன்சுலேஷன் டேப்பைப் பார்த்தான், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து செம்புக் கம்பியை வெகுநேரம் பார்த்தான்.

"தம்பி, வண்டி உங்களுதுதானே? வாரண்டி இருக்குல்ல?"

"வண்டி எங்களுதுண்ணா. வயரு உங்களுது."

பையன் நல்லவன். பொறுமையாக விளக்கினான். ஒன்றை மாற்றினால் மொத்த வாரண்டியும் செத்துவிடாது. மாற்றியதால் எது கெட்டதோ, அதற்குத்தான் கிடைக்காது. வயரிங் போச்சு, பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சந்தேகம், பட்டை போட்டதால் பின் ஆக்ஸிலும் போச்சு. கிளட்ச் பெடல், கதவுக் கண்ணாடி இதெல்லாம் பத்திரம். "எலுமிச்சம்பழம்?" என்று கேட்டேன். அதற்கு ஆட்சேபணை இல்லையாம்.

அண்ணனை முழுக்கக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. இவர் அப்பா ஓட்டிய டெம்போவில் எந்தக் கம்பியை எங்கே வெட்டி ஒட்டினாலும் ஓடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி கட்டாயமான பிறகு வண்டிக்குள் கம்ப்யூட்டரும் ஏகப்பட்ட சென்ஸாரும் வந்துவிட்டன. ஒரு கம்பியைத் தொட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அண்ணன் அந்த விளக்கின் மேல் ஒரு விநாயகர் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்.

வாரண்டியாவது பணத்தோடு போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். முன்னால் மாட்டும் இரும்பு கார்டின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அண்ணன் வண்டியில் எத்தனை மாற்றம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பில் பதினெட்டாயிரம். கட்டிவிட்டு வெளியே வந்தவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "தப்பு நம்ம மேலதான் சார். லோக்கல் பல்பு போட்டிருக்கக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போய் ஒரிஜினல் 100 வாட் வாங்கி வந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்ததெல்லாம் வண்டிக்குத் திரும்பிவிட்டது. சீட்டு உறையை இன்னும் பிரிக்கவில்லை.