பேய்க்கு முதல் மரியாதை

அமெரிக்காவில் ஏழையாக இருப்பது சுலபம். ஏழைதான் என்று ஃபாஃப்சா எனும் கல்வி உதவி விண்ணப்பப் படிவத்தை நம்ப வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் சேரும் பிள்ளைக்கு அரசின் பெல் மானியம் வேண்டுமென்றால் (2024-25இல் உச்சவரம்பு 7,395 டாலர்) அந்த வாசலில்தான் நிற்க வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேலையே இல்லை. அப்பா செக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

படிவம் ரொம்ப நீளம் என்று ஊரே புலம்பியதால், அதைச் சுருக்க 2020 டிசம்பரில் சட்டம் போட்டார்கள். மூன்று வருடம் கல்வித் துறைக்காரர்கள் மூளையைக் கசக்கினார்கள். வழக்கமாக அக்டோபர் 1இல் வரும் படிவம், 2023 டிசம்பர் 30இல் தலைகாட்டியது. அதுவும் கொஞ்ச நேரம் திறக்கும், மூடிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்களை ஒரு பக்கத்துக்கு மேல் நகரவிடவில்லை. அந்த வருடத்தின் மேல் கம்ப்யூட்டருக்கு என்ன கோபமோ! அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் இன்னும் விசேஷம். பிள்ளை அமெரிக்கக் குடிமகளாகவே இருக்கட்டும், ஹோட்டலில் பாத்திரம் தேய்த்துவிட்டு நள்ளிரவில் வரும் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எத்தனை தடவை தட்டினாலும் சிவப்பு எழுத்தில் அதே பிழைச் செய்திதான். மாதக்கணக்கில் இதே கதை நடந்தது.

உதவி மையத்துக்கு போன் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். போட்டார்கள். 2024இன் முதல் ஐந்து மாதங்களில் 54 லட்சம் அழைப்புகள், அவற்றில் சுமார் 40 லட்சத்தை யாரும் எடுக்கவில்லை. சொல்வது அரசின் சொந்தத் தணிக்கை அலுவலகம். போதாக்குறைக்கு, உதவியைக் கணக்கிடும் சூத்திரத்தில் விலைவாசி உயர்வைச் சேர்க்கவே மறந்துபோனார்கள். மாணவர்களுக்குப் போக வேண்டிய 180 கோடி டாலரைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும் மறதி அது. பிறகுதான் திருத்தினார்கள்.

அவர்கள் தப்பு செய்தால் தொழில்நுட்பக் கோளாறு. பிள்ளை ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் 'சரிபார்ப்பு'. வரிக் கணக்கைக் கொண்டா. வரி கட்டுமளவு வருமானமே இல்லையா? அப்படியானால் வரி தாக்கல் செய்யவில்லை என்பதற்கு வரித்துறையிடமே கடிதம் வாங்கி வா.

இத்தனை கெடுபிடிக்கும் நடுவே மாலை மரியாதையோடு உள்ளே போன கூட்டம் ஒன்று உண்டு. 'பேய் மாணவர்கள்' என்று அங்கேயே பெயர் வைத்திருக்கிறார்கள். திருடிய அடையாளங்களை வைத்து மோசடிக் கும்பல்கள் பாட் எனும் தானியங்கி நிரல்களை ஏவி, கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களின் ஆன்லைன் வகுப்புகளில் சேர்த்துவிட்டு, 2024இல் மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் உதவித்தொகையைச் சுருட்டின. பேய்க்கு அம்மா கிடையாது, அம்மாவின் எண்ணும் கேட்க வேண்டியதில்லை. வகுப்பு நிரம்பிவிட்டதென்று உயிரோடிருக்கும் பிள்ளை வெயிட்டிங் லிஸ்டில் காத்திருக்க, உள்ளே ஆசிரியர் அனுப்பும் மெயிலுக்குப் பதில் போட ஒரு ஜீவன் இல்லை.

எப்படியோ தப்பிப் பிழைத்துப் பணம் வாங்கிய பிள்ளையையும் விடுவதாக இல்லை. குழந்தைக்கு உடம்பு முடியாமலோ, வேலை நேரம் மாறியோ, பருவத்தில் 60 சதவீதம் முடியும் முன் படிப்பை விட்டால், படிக்காத நாட்களுக்கான மானியத்தைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். துண்டு விழும் கட்டணத்துக்குக் காலேஜிலிருந்து வீட்டுக்கு பில் வரும். பேய்களுக்கும் அனுப்பியிருப்பார்கள், விலாசம்தான் இல்லை.