டொக்டர் ஓட்டின கார்

மழை பிடித்தால்தான் புரோக்கர் அண்ணன் கார் காட்டுவார். நனைந்து மினுங்கும் காரில் புட்டி வைத்து நிரவிய பள்ளம் தெரியாது. கதவுக்கு ஒரு வெள்ளையும் பெனட்டுக்கு இன்னொரு வெள்ளையுமாக அடித்த பெயின்டும் தெரியாது. கொழும்புத் தரகர்கள் இப்படி ஒரு நாளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். டிக்கோயாவிலோ வைகாசிக் கடைசியில் மழை இறங்கினால் ஆவணி வரைக்கும் அண்ணனுக்குக் குடையும் கையுமாக வியாபாரம்தான். மாசி வெயிலில் கார் கேட்டுப் போனால், "வண்டி கராஜ்ல நிக்குது சேர், அடுத்த மாசம் பார்ப்போம்" என்பார்.

அவருடைய கந்தோர் தேத்தண்ணிக் கடையின் மூலை வாங்கு. முன்னால் ஒரு பிளேன்டீ, இரண்டு போன், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் நாலைந்து வாகனப் புத்தகங்கள். சொந்தமாக அவரிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை.

காரைப் பற்றி அண்ணன் அதிகம் பேசமாட்டார். அதை ஓட்டியவரைப் பற்றித்தான் பேசுவார். முந்தி எல்லாம் "வெள்ளக்காரத் தொரை ஓட்டினது". 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதே வெள்ளைக்காரத் தொரைமார் கப்பலேறத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பதினைந்து வருடம் கழித்து ஜப்பானில் பிறந்த காரையும் அண்ணன் தொரை கணக்கிலேயே தள்ளினார். யாரும் வருடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. தொரைமார் மதிப்புக் குறைந்ததும் டொக்டர்கள் வந்தார்கள். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் 150 கட்டிலோடு புதுக் கட்டடம் எழும்பி, 2017 மே மாதம் மோடி வந்து திறந்துவைத்தார் அல்லவா? அன்றிலிருந்து அண்ணனிடம் வரும் கார் எல்லாம் "லேடி டொக்டர் ஓட்டினது சேர், குவாட்டர்ஸ்க்கும் வார்டுக்கும் மட்டுந்தான்." அவர் விற்ற டொக்டர் கார்களை எண்ணினால் கட்டிலுக்கு ஒரு டொக்டர் தேறும்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகச் சம்மதிப்பார். ஆனால் கார் ஹட்டனில் நிற்கும். நாலாயிரம் அடிக்கு மேலே அங்கே உங்களை ஏற்றி, டிக்கோயாவில் இறக்கிவிடுவார். வழி நெடுக இறக்கம். கிளட்ச் பட்டுப் போல, எஞ்சின் சத்தமே இல்லை என்று நமக்கே தோன்றும். பாதி வழி எஞ்சின் ஓடியதா என்பதே சந்தேகம். அந்தக் கார் ஹட்டனுக்கு எப்படி ஏறியது என்று நான் விசாரித்ததில்லை. விடியற்காலையில் நாலு பொடியன்மார் சேற்றுக் காலோடு இறங்கி வருவதை மட்டும் ஒருமுறை கண்டேன்.

பழைய மொறிஸ் மைனர் ஒன்று அவர் கைக்கு வந்தால் அன்றைக்குச் சரித்திரப் பாடம். இங்கிலாந்தில் பாத் நகரத்து சார்ல்ஸ் வேர் என்பவர் மொறிஸ் மைனருக்கென்றே கடை வைத்து, அதற்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்தது உண்மைதான். "வெள்ளக்காரனுக்கே நம்ம நாட்டுச் சாமான்தான் சேர் போகுது!" என்று அண்ணன் சொல்லும்போது சாமான் அவரே செய்து அனுப்பியது போலிருக்கும். நம்பர் பிளேட்டில் ஸ்ரீ இருந்தால் விலை இன்னும் ஏறும். 1958இல் இந்த எழுத்துக்காக ஊர் ஊராகத் தார் வாளி தூக்கினார்கள். வடக்கில் பிளேட்டில் இருந்த சிங்கள ஸ்ரீயையும், தெற்கில் தமிழ்ப் பலகைகளையும் தாரால் மெழுகினார்கள். அண்ணன் அதே ஸ்ரீயைத் துணியால் துடைத்துக் காட்டி ஐம்பதாயிரம் கூடக் கேட்கிறார்: "ஒரிஜினல் ஸ்ரீ சேர். தார் படாதது."

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது அவருக்கு ராஜயோகம். கார் கிழடாக ஆக விலை ஏறிய காலம் அது. "இன்னைக்கு வாங்கலன்னா நாளைக்கு ஒரு லட்சம் கூட" என்று பயம் காட்டினார். சொன்னபடியே நடந்தும் தொலைத்தது. அந்தப் பயத்தில்தான் 2021 ஆடி மழையில் நானும் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினேன். ஓபன் பேப்பர். விற்றவர் கையெழுத்து இருக்கும், வாங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கைமாறினால் பதினாலு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். என் காரோ அஞ்சு கை மாறியும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரோடே திரிந்தது. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் வந்தபோதுதான் ஓபன் பேப்பரின் அருமை விளங்கியது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கார் என் வாசலில் நின்றது. கியூஆர் குருநாகலில் யாரோ ஒருவர் போனுக்குள் இருந்தது.

கல்லைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் விற்கும் ஒவ்வொரு காரின் டிக்கியிலும் ஒரு கல் இருக்கும். நிறுத்தியதும் இறங்கி டயருக்கு அண்டை கொடுக்க வேண்டும். "ஹேண்ட் பிரேக் பதுளைக்காரனுக்கும் இல்ல, நமக்கும் இல்ல சேர். மலைநாட்டுக்குக் கல்லுதான்." காரில் கடைசிவரை பழுதாகாத ஒரே சாமான் அதுதான். மற்றதையெல்லாம் கராஜ் பாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெனட்டைத் திறந்ததும் பெருமூச்சு விட்டு, "இத ஒங்களுக்கு யாரு சேர் குடுத்தா?" என்று கேட்டார். ஊரில் எந்த பாஸும் இந்தக் கேள்வியில்தான் வேலையைத் தொடங்குவார். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ரேடியேட்டர் என்று என் சம்பளம் மாதாமாதம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் பஸ் ஏறியது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. இனி விலை விழும் என்று பயந்து, மேலே காசு போட்டு வேறு கார் மாற்ற அண்ணனிடமே போனேன். சுற்றி வந்தார். அன்று "கொம்பனி பெயின்ட்" என்றவர் கதவைத் தட்டி, "புட்டி சேர்" என்றார். அது அவர் வைத்த புட்டி. "நெஞ்சுத் துடிப்பு மாதிரி" என்று வாய் நிறையச் சொன்ன எஞ்சினைக் கேட்டு, "இருமுதே" என்றார். மாசி வெயிலில் கொண்டுபோனது என் தவறு. சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் நோர்வூட்டிலிருந்து போன் வந்தது.

"சேர், நீங்க வாத்தியாருங்களா? ஒரு வெள்ளக் காரு பாத்தேங்க. நீங்க இஸ்கூலுக்கும் கோயிலுக்கும் மட்டுந்தான் ஓட்டுனீங்களாம். கோவமே வராத மனுசன், அதனால கியரே தேயலன்னு சொல்றாரு. நெசந்தானுங்களா?"

பின்னால் அண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது. தகரத்தில் மழை விழும் சத்தமும் கேட்டது.

"ஆமாம்," என்றேன். "அந்தக் கல்லையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."