அம்பு தேர்தல் இயல்

வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்ட ஒரு நாட்டில், காம்பவுண்ட் வில்லுக்கு எந்த அம்பு உகந்தது என்று ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. முடிவு எப்படி வந்தாலும் ஆய்வாளருக்கு லாபமில்லை, மானுக்கும் நஷ்டமில்லை. இந்த நடுநிலை அமெரிக்க வில்வேட்டைக்காரருக்கு வாய்க்காது. மிசூரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் நுனிகளில் உருளைகளைப் பொருத்திய இந்தக் காம்பவுண்ட் வில்லுக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். அவர் வழிவந்த இன்றைய வில்களில் 70 பவுண்டு வில்லை முழுக்க இழுத்து நிறுத்தினாலும் கையில் தங்கும் பாரம் 14 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்படி மிச்சமான சக்தி எங்கே போகிறது என்று தேடினால், அம்பைப் பற்றிய வாதத்தில் போகிறது. அந்த வாதங்களைத் தொகுத்து நோக்கி இக்கட்டுரை நிறுவ முற்படுவது ஒன்றே: வேட்டை அம்பின் தலையாய பயன் எய்யப்படுவது அன்று, தேர்ந்தெடுக்கப்படுவது.

முதற்சான்று காலம். மிச்சிகன் மாநிலத்தில் மான் வில்வேட்டைப் பருவம் வழக்கமாக அக்டோபர் முதல் தேதி தொடங்கும். நவம்பர் நடுவில் நின்று, டிசம்பரில் மறுபடி திறந்து, பெரும்பாலும் புத்தாண்டோடு முடியும். கூட்டினால் இரண்டரை மாதம். அதற்குள்ளும் உரிமச்சீட்டு அனுமதிப்பது சில மான்களைத்தான். 30 கெஜத்தில் நிற்கும் மானை, நொடிக்கு 280 அடி செல்லும் அம்பு எட்ட ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி போதும். ஆக, ஓர் ஆண்டில் அம்பு பறப்பது ஓரிரு நொடி; ஆராயப்படுவது மிச்சப்பொழுது முழுவதும். ஒரு பொருள் எதில் பெரும்பொழுதைக் கழிக்கிறதோ அதையே அதன் தொழில் எனக் கொள்வதுதான் முறை.

இரண்டாம் சான்று அளவை. அமெரிக்கர் அம்பின் எடையைக் கிராமில் சொல்வதில்லை, கிரெய்னில் சொல்கிறார்கள். வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு இது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஓர் அம்பு 27 கிராம் என்றால் பேச்சு அத்தோடு தீர்ந்தது. அதையே 416 கிரெய்ன் என்று சொல்லிப் பாருங்கள்: 416 போதுமா, 430 ஆக்கலாமா என்று ஒரு மாலைப்பொழுதே ஓடிவிடும். முனை 100 கிரெய்னா, 125 கிரெய்னா என்பது அங்கே கட்சி கட்டிப் பேசும் விஷயம். வித்தியாசம் ஒன்றரை கிராம் சொச்சம். நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடைகூட வராது. தண்டின் விறைப்பைச் சொல்லும் ஸ்பைன் எண் இன்னும் நுட்பமானது. தண்டை 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின்மேல் கிடத்தி, நட்டநடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் ஸ்பைன் 500, 0.34 அங்குலம் தொய்ந்தால் 340. அதாவது எண் ஏற ஏற விறைப்பு இறங்கும். தேர்வைச் சட்டென்று முடிப்பதுதான் நோக்கமென்றால், இந்த எண்ணை எவரேனும் எப்போதோ திருப்பிப் போட்டிருப்பார்கள்.

மூன்றாம் சான்றே வலுவானது. இலகு அம்புக் கட்சி, கன அம்புக் கட்சி என இரண்டு உண்டு. 400 கிரெய்ன் அம்பை நொடிக்கு 280 அடி வேகத்தில் விடும் வில், 600 கிரெய்ன் அம்பைச் சுமார் 235 அடியில் விடுவதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் முன்னதற்கு 70 அடி-பவுண்டு, பின்னதற்கு 74. வில்லுக்குள் இருப்பு ஒன்றுதான் என்பதால் வரவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உந்தத்தில் கன அம்பு கால்பங்கு முந்தும். ஆனால் தூரத்தைத் தப்பாகக் கணித்தால் மானின் வயிற்றுக்குக் கீழே புல்லில் பாயும். இலகு அம்பு அவ்வளவு தாழாது. ஆனால் வில் அதிகமாகச் சத்தம் போடும். ஒலியின் வேகமோ நொடிக்கு 1,100 அடி. 30 கெஜத்தில் நாணோசை 0.08 நொடியில் மானின் காதை எட்டிவிடுகிறது. அம்பு வந்து சேர இலகுவானதற்கு 0.32 நொடி, கனமானதற்கு 0.38. எதை எய்தாலும் சேதி முந்திவிடுகிறது; மான் பாய்வதற்காகக் காலை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. ஒரு கட்சி உரக்க அறிவித்துக் குறைந்த அவகாசம் தருகிறது. மற்றது மெல்ல அறிவித்துக் கூடுதல் அவகாசம் தருகிறது. வழக்கு 0.06 நொடிக்காக நடக்கிறது. இரு தரப்புச் சாட்சியும் உண்மையே பேசுவதால் தீர்ப்புக்கு வழியில்லை.

கன அம்பே துளைக்கும் என எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தொடங்கிப் பல்லாண்டு சோதித்துச் சொன்னாரே எனின், சொன்னார்; தடித்த எலும்பை உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்றார். ஆனால் அவர் சோதித்த உடல்களில் எருமையும் உண்டு. மிச்சிகன்காரர் மரத்தின்மேல் காத்திருப்பது பெரும்பாலும் நூறு கிலோவுக்குள் அடங்கும் வெள்ளைவால் மானுக்கு. அப்படியானால் எந்த அம்பும் சரிதானா எனின், அற்றன்று. வில்லின் வலுவுக்கு ஈடில்லாத மெல்லிய தண்டு நெளிந்து கோணலாய்ப் போகும். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெய்னுக்கும் குறைந்த அம்பு வில்லுக்கே கேடு. விரிசல் விட்ட கார்பன் தண்டு நாணை விடும்போதே பிளந்து கையில் ஏறும். மழுங்கிய அலகு மானை வதைக்கும். இவை மெய்யான கவலைகள். ஆனால் முதலாவதைத் தயாரிப்பாளரின் அட்டவணை ஒரு நிமிடத்தில் தீர்க்கும், இரண்டாவதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும், மூன்றாவதற்குத் தண்டைக் காதருகே லேசாக வளைத்து நெறிபடும் சத்தம் வருகிறதா என்று கேட்டால் ஆயிற்று, நான்காவதற்குச் சாணைக்கல். அதற்கும் மேல் ஐயமிருந்தால் சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய தாளை ஆறடி தள்ளி நின்று எய்து பார்க்கலாம். ஒரு துளையும் சுற்றிலும் மூன்று இறகுக் கீறலும் விழுந்தால் அம்பு நேரே போகிறது. துளை ஒருபக்கம் கிழிந்து நீண்டால் வால் ஆடுகிறது. எல்லாம் சேர்ந்தும் அரைநாள் வேலை. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் வெளிப்பட்ட யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி, ஹேசல் குச்சியும் எரிமலைக் கண்ணாடி முனையும் கொண்ட அம்போடு வேட்டையாடியவர். ஸ்பைன் அட்டவணை அவரிடம் இல்லை; மானை நெருங்கிச் செல்லும் வித்தை இருந்தது. தேவை முடிந்த இடத்தில்தான் தேர்வு தொடங்குகிறது என்பது இதனால் பெறப்படும்.

இதைக் கொண்டு அத்தேர்வு வீண் என முடிப்பது அவசரம். பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று 1937இல் வந்த அமெரிக்கச் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிடுகிறது. 1970களில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன. அம்புக்கு இன்று தண்டு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கணக்கு. தண்டு மானைத் தைத்ததா, தப்பியதா என்று வரி கேட்பதில்லை. விற்றால் போதும். எனவே 400 ஸ்பைனில் ஒரு டஜன் வாங்கி, மனம் மாறி, 340இல் இன்னொரு டஜன் வாங்குபவர் மானின் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் இருமுறை வரி கட்டுகிறார். எய்த அம்பால் மானுக்குச் சேதம். தேர்ந்து, சலித்து, ஓரங்கட்டிய அம்பால் மானினத்துக்கு வருமானம். குறையற்ற அம்பு ஒன்று என்றேனும் கண்டுபிடிக்கப்பட்டால் இந்த வருவாயில் விழும் துண்டை எவர் ஈடுகட்டுவது? ஆகவே இரு கட்சியாரும் சமரசம் பேசாமல், வனநலன் கருதி, 0.06 நொடிக்கான வழக்கைத் தொடர்ந்து நடத்திவர வேண்டும் என்பதே இவ்வாய்வின் பரிந்துரை.