வெயிட்டான வரலாறு

காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல் போதும். மனித குலம் இதைக் கற்காலத்திலேயே முடித்திருக்கலாம். காகிதம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது. அதுவும் வந்த பிறகு ஐரோப்பியர்கள் கூழாங்கல்லோடு நின்றார்களா என்றால், இல்லை.

1845-இல் வியன்னாவில் ஒரு தொழிற்கண்காட்சி. வெனிஸ்காரர் பியெத்ரோ பிகால்யா கடை விரித்திருந்தார். சரக்கு, உள்ளே வண்ணத் துணுக்குகள் சிக்கிய கண்ணாடி உருண்டை. பாரிஸ் வணிகச் சபை அனுப்பி வைத்த யூஜின் பெலிகோ அதைப் பார்த்தார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. யுரேனியத்தை முதன்முதலில் உலோகமாகப் பிரித்தெடுத்த வேதியியல் மேதை. அப்பேர்ப்பட்டவர் ஊர் திரும்பி, ‘ஐயா, வெனிஸ்காரன் உருண்டை விற்கிறான்’ என்ற தோரணையில் அறிக்கை கொடுத்தார். அதே 1845 என்று தேதி பதித்த பேப்பர்வெயிட்டுகள் பிரான்ஸின் சேன் லூயி ஆலையிலிருந்து வந்துவிட்டன. பக்காரா, கிளிஷி ஆலைகளும் களத்தில் குதித்தன. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டு அவர்கள் மனதைப் புண்படுத்த வேண்டாம்.

வேலை என்னவோ அசாத்தியமானது. வண்ணக் கண்ணாடிக் குச்சிகளைப் பூ வடிவில் கட்டாகச் சேர்த்து, உருகும் பதத்துக்குக் காய்ச்சி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு பிரிகிறவர்களுக்கு நடுவே கண்ணாடி ஜவ்வாக நீண்டு, பென்சிலைவிட ஒல்லியாகிவிடும். ஆனால் குறுக்கே வெட்டினால் உள்ளே அதே பூ, அதே இதழ், பொடியாக. அந்த வில்லைகளை அடுக்கி, மேலே தெளிந்த படிகக் கண்ணாடியைக் கவிழ்த்தால் அந்தக் கூரையே பூதக்கண்ணாடியாகிப் பூவைப் பெரிதாக்கிக் காட்டும். முதலில் இவ்வளவு பாடுபட்டுச் சிறிதாக்குவானேன், பிறகு பெரிதாக்குவானேன் என்று ஒரு முதலாளியும் கேட்டதாகத் தெரியவில்லை.

பக்காரா ஆலையின் நிர்வாகி தூசேன், 1846-இல் இன்னும் சிக்கனமான வழி கண்டார். தன் உறவுக்காரப் பையன் எமில் கிரிதெல் காகிதத்தில் கத்தரித்து விளையாடிய யானை, குரங்கு, சேவல் எல்லாம் அவர் கண்ணில் பட்டன. பையன் பொடியன். வேறு வீடாக இருந்தால் ‘கத்தரிக்கோலைக் கீழே வை’ என்று முதுகில் ஒன்று விழுந்திருக்கும். தூசேனோ அந்த உருவங்களைக் கண்ணாடிக்குள் ஏற்றி விற்றார். இன்று சேகரிப்பாளர்கள் அந்தச் சேவலுக்காகச் சொத்தை விற்கவும் தயார். பையனுக்கு ராயல்டியாக ஒரு மிட்டாயாவது கிடைத்திருக்கும் என்று நம்புவோம்.

1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. மன்னர் லூயி பிலிப் ‘மிஸ்டர் ஸ்மித்’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கு ஓட்டமெடுத்தார். பக்காராவிலோ, பூக்களுக்கு நடுவே ‘பி’ என்ற எழுத்தையும் 1848 என்ற எண்ணையும் நிதானமாகப் பதித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா போனால் என்ன, கடிதம் எழுதுகிறவன் இருக்கிறானே! எழுதுபொருள் கடைகளில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் விற்ற சரக்கு அது.

பத்துப் பதினைந்து வருஷத்தில் மோகம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் பித்து தொடங்கியது, ஏனென்றால் சாமான் பழசாகிவிட்டது. எகிப்து மன்னர் ஃபாரூக் இவற்றை வாங்கிக் குவித்தார். அத்தனை வெயிட் வைத்தும் 1952-இல் சிம்மாசனம் பறந்துவிட்டது. 1954-இல் அவர் சேர்த்துவைத்ததெல்லாம் கெய்ரோ கூபே அரண்மனையில் ஏலத்துக்கு வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத், தன்னைப் பார்க்க வந்த இளம் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டிக்கு ஒரு பக்காரா உருண்டையைப் பரிசளித்தார். அத்தோடு பையன் ஒழிந்தான். பிற்பாடு பயணம் போகும்போதுகூடச் சிலவற்றைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு அலைந்தார். எழுத்தாளனுக்கு ஆளைத் தெரிந்துதான் பரிசு கொடுக்க வேண்டும்.

இதற்குள் பக்காராவிலேயே இந்தக் கலை மறந்துபோயிருந்தது. இரண்டாம் உலகப்போரில் சிதைந்த ஊர்த் தேவாலயத்தின் அடிக்கல்லை 1951-இல் திறந்தபோது, உள்ளே 1853 என்று தேதியிட்ட பேப்பர்வெயிட் ஒன்று பளபளத்தது. பாட்டன் ஒளித்துவைத்த வித்தையைப் பேரன்கள் இடிபாட்டிலிருந்து எடுத்து, மறுபடி ‘அ’னாவிலிருந்து படித்தார்கள். இரண்டே வருஷத்தில் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு அவர் முகத்தையே கண்ணாடிக்குள் வைத்து விற்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

1990-இல் பழைய கிளிஷி உருண்டை ஒன்று ஏலத்தில் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியது. வாங்கியவர் அதன் அடியில் கரண்ட் பில்லை வைத்திருக்க மாட்டார். அதற்கு ஒரு கூழாங்கல் வாங்கியிருப்பார்.