பத்து வரை எண்ணத் தெரியாத வாத்தியார்

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூச்சுவிடாமல் பேசிப் பழகிய வாய். பேத்தி இரண்டு வயது தாண்டியும் ஒற்றைச் சொல்லிலேயே நின்றபோது, பேசக் கற்றுக்கொடுக்க என்னை விட்டால் ஆள் ஏது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

'இது என்ன? அது என்ன கலர்? காக்கா எப்படிக் கத்தும்?' பல் துலக்கும்போது தொடங்கினால் தூங்கும்வரை வாய்மொழித் தேர்வு. விருந்தாளி வந்துவிட்டால் ஹாலில் நிறுத்திப் பொதுத்தேர்வு. என்னைக் கண்டாலே குழந்தை சோபாவுக்குப் பின்னால் போய்விடும். கூச்ச சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாக்கில் வசம்பு தடவினால் சரியாகும் என்றாள் என் மனைவி. மருமகள் இங்கிலீஷ் கலந்து பேசுவதுதான் காரணம் என்பது என் தீர்ப்பு. கடைசியில் போய்ப் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு முதலில் காதைச் சோதிக்கச் சொன்னார். காதில் குறையில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்றும் சொன்னார். மருமகள் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

வீட்டுப்பாடம் எனக்குத்தான் கிடைத்தது. கேள்வியைக் குறைக்க வேண்டும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். அவள் 'பந்து' என்றால், 'பெரிய பந்து' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தர வேண்டும்.

மூன்றுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. நான்கு வருவதற்குள் பதிலையும் நானே சொல்லி, அதற்கு 'வெரி குட்' என்றும் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் வாழைப்பழத்தைக் காட்டி, "தாத்தா, பயம்" என்றாள். இரண்டு சொல் சேர்ந்து வந்துவிட்டது! ழகரம் தாமதமாகத்தான் வரும், 'ஆமா, வாழைப்பழம்' என்று நாம் சரியாகச் சொல்லிக் கையில் கொடுத்தால் போதும் என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் நாக்கை மடித்துக் காட்டி, "எங்கே, ழ சொல்லு" என்று நின்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். பழத்தை நான்தான் தின்றேன்.

இப்போது நிறையப் பேசுகிறாள், பெரும்பாலும் பாட்டியிடம். பாட்டி கீரை ஆய்ந்தபடி 'ம்' கொட்டுவதோடு சரி.

இரண்டு வயதாகியும் குழந்தை இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால், 'தானாகப் பேசும்' என்று உட்கார்ந்திருக்காமல் காதைச் சோதித்துவிடுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கவனிக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. நடுவில் என்னைப் போல ஒரு தாத்தா வந்து 'இது என்ன கலர்?' என்று ஆரம்பித்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.