பேருந்துக்கு பிராட்பேண்ட் உரிமம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: உங்கள் இலக்கணப்படி பிராட்பேண்ட் வைத்திருக்கும் ஓர் இல்லத்தரசி, லோத்குண்டா, செகந்திராபாத்.

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), புது தில்லி.

பொருள்: 6 ஜிபி லினக்ஸ் – வீடு வந்து சேராதது – நகரப் பேருந்துக்கு பிராட்பேண்ட் உரிமம் வழங்கப் பரிந்துரைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 2012, தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை 2018, தங்கள் 2021 பரிந்துரை, எங்கள் வீட்டு மோடத்தில் சிக்னல் அறுந்து சிவப்பாக எரியும் எல்ஓஎஸ் லைட்.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கருமாதி முடித்துவிட்டது. எங்கள் லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்பதால் விண்டோஸ் 11 அதை வாசற்படி ஏற்ற மறுக்கிறது. மற்றபடி இயந்திரம் திடகாத்திரமாகத்தான் இருக்கிறது. குப்பையில் போட மனம் வரவில்லை. "லினக்ஸ் போட்டுடலாம்மா. காசு கெடையாது, லைசென்ஸ் கெடையாது, யாரையும் கேக்க வேண்டாம். டவுன்லோட் பண்ணினா முடிஞ்சுது" என்றான் மகன். அந்தக் கடைசி வேலை ஒன்றுதான் தங்கள் அதிகார எல்லைக்குள் வருகிறது. எனவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு கணக்கு. 2004இல் அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தபோது 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். அதே ஆண்டு அக்டோபரில்தான் உபுண்டு என்ற லினக்ஸின் முதல் பதிப்பும் வெளியானது. ஒரு சிடிக்குள், அதாவது 700 எம்பிக்குள் அடங்கும். அன்றைய பிராட்பேண்டில் இறக்க ஆறு மணி நேரம். இன்றைக்கு உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி. 2023இல் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் ஆனது. அதில் இறக்க ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம். பத்தொன்பது ஆண்டுகள் பாடுபட்டு அரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால் போயிருக்கிறோம். தாங்கள் எட்டு மடங்கு ஓடினீர்கள்; உபுண்டு ஒன்பது மடங்கு ஊதிவிட்டது. இதில் குற்றம் முழுவதும் தங்களுடையது என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை.

ஆனால் வாக்குறுதிகளின் கணக்கு முழுக்கத் தில்லியுடையது. 2 எம்பிபிஎஸ் என்பது 2015க்குள் வந்துவிடும் என்று 2012 கொள்கை சொன்னது. வந்தது 2023இல். அதற்குள் 2018 கொள்கை ஒன்று வந்து, 2022க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 எம்பிபிஎஸ் என்றது. 50 கிடைத்தால் எங்கள் உபுண்டு பதினாறே நிமிடத்தில் வந்து நிற்கும். காபி போட்டுக் குடிப்பதற்குள் வேலை முடியும். 2022 போயே போய்விட்டது. மறுவருடம் அறிவிக்கை வருகிறது: பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2. ஐம்பது தருவதாகச் சொல்லி, இரண்டு கொடுத்து, கொடுத்ததற்குப் பெயரும் சூட்டும் இந்தச் சாமர்த்தியம் எங்கள் சீட்டுக் கம்பெனிக்காரர்களுக்குக்கூடக் கைவரவில்லை. தாங்கள் 2021இல் பரிந்துரைத்த வகைப்பாட்டையும் படித்தேன். 2 முதல் 50 வரை அடிப்படை பிராட்பேண்ட், 50 முதல் 300 வரை வேகமானது, அதற்கு மேல் அதிவேகமானது. இரண்டு எம்பிபிஎஸ்காரியும் நாற்பத்தொன்பது எம்பிபிஎஸ்காரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். சமத்துவம் என்றால் இதுவல்லவா!

லோத்குண்டா எங்கே இருக்கிறது என்று தில்லியில் தெரிந்திருக்க நியாயமில்லை. செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியில், லால் பஜாரைத் தாண்டி, ஆல்வால் வருவதற்கு முன்னால். பக்கத்திலேயே கன்டோன்மென்ட். அந்தக் காலத்தில் மதராஸ் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய உண்டு. ஐடி கம்பெனிகள் நிறைந்த ஹைடெக் சிட்டி இதே நகரத்தில்தான் இருக்கிறது. அது வேறு கிரகம்.

எங்கள் தெருவுக்கு இணையம் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. எல்ஓஎஸ் லைட் சிவந்தால் கேபிள்காரப் பையனுக்கு போன் செய்வேன். "அக்கா, ஃபைபர் கட். ரேப்பு ஒஸ்தா" என்பான். நாளைக்கு வருகிறானாம். வரும்போது நல்ல பையன்தான். இரண்டு முனையையும் ஒட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். 2025 ஆகஸ்டில் ஹைதராபாத் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்தில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்த பிறகு, கம்பங்களில் தொங்கிய கேபிள்களை மின்விநியோக நிறுவனம் வெட்டத் தொடங்கியது. நகரின் பல பகுதிகளில் இணையம் செத்தது. உயிர் போகும் இடத்தில் கேபிளை வெட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பத்தில் தொங்காத ஒரு வழியை ஏன் யாரும் இத்தனை வருடமாகப் போடவில்லை என்பதுதான் கேள்வி.

பிறகு இந்த 'அன்லிமிடெட்'. வீட்டு இணைப்பில் டேட்டா வரம்பு தீர்ந்தாலும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று 2016இல் தாங்கள் உத்தரவிட்டீர்கள். நன்றி. அந்த வேகத்தில் உபுண்டு இருபத்தாறு மணி நேரம். மொபைலில் அன்றாட டேட்டா தீர்ந்ததும் கிடைப்பது பெரும்பாலும் 64 கேபிபிஎஸ். அதில் எட்டு நாளைக்கு மேல் ஆகும். எல்லையில்லாதது வேகமல்ல, காத்திருப்புதான் என்பதை விளம்பரத்தில் சின்ன எழுத்திலாவது போட்டிருக்கலாம்.

இந்த நிலையில் லினக்ஸ் தேர்வு செய்வது, ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். மகனுக்கு ஆர்ச் லினக்ஸ் மேல் ஆசை. தினந்தினம் புதிதாகிக்கொண்டே இருக்குமாம். அதாவது தினந்தினம் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டாம்டா, இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ்கூட ஸ்னாப் என்ற பொதி வடிவத்தில் வருகிறது. ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு முறை 'ஏதாவது புதுசா இருக்கா' என்று தானே போய் எட்டிப் பார்க்கும் குணமுள்ளது. டைனி கோர் இருபது எம்பி சொச்சம்தான். கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் கூடம். பாய் தலையணை எல்லாம் நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். மின்ட் 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, நல்ல பிள்ளை.

இதில் மெதுவான இணையக்காரர்கள் தவறாமல் போய் விழும் குழி ஒன்று உண்டு. டெபியன் லினக்ஸின் நெட்இன்ஸ்ட் பிரதி. கோப்பு சின்னது, 700, 800 எம்பிக்குள்தான் என்று ஆசைப்பட்டு அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் நிறுவ ஆரம்பித்த பிறகு டெஸ்க்டாப், அலுவலக மென்பொருள், எல்லாவற்றையும் அது இணையத்திலிருந்துதான் இழுக்கும். பாதியில் எல்ஓஎஸ் சிவந்தால் லேப்டாப்பில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை, அந்தரத்தில் திரிசங்கு. எங்களைப் போன்றவர்களுக்குச் சரியானது, பார்வைக்குப் பெரியதாக இருக்கும் டிவிடி பிரதிதான். முதல் டிவிடி ஒன்று போதும், இணையமே இல்லாமல் டெஸ்க்டாப்போடு உட்கார்ந்துவிடும். டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9. அடுத்த பதிப்பு வர இரண்டு வருடமாகும். நடுவில் தொந்தரவு குறைவு. வீட்டில் அதுவே முடிவானது.

இறக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. பிரவுசரில் இறக்கினால் இணைப்பு அறுந்ததும் பல நேரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டோரன்ட்டில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு வரும். விட்ட இடத்தில் தொடரும். கெட்ட துண்டை மட்டும் மறுபடி வாங்கும். டோரன்ட் என்றாலே திருட்டு சினிமா என்று நினைக்கும் பெரியவர்கள் தில்லியிலும் இருக்கக்கூடும். லினக்ஸைப் படியெடுத்து நாலு பேருக்குக் கொடுப்பது சட்டப்படியான செயல் மட்டுமல்ல, அதன் உரிமமே அதைத்தான் விரும்புகிறது.

முன்பெல்லாம் இந்தப் பாடே இல்லை. கனோனிக்கல் நிறுவனம் ஷிப்இட் என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. வர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் முழுசாக வரும், 97 சதவீதத்தில் நின்றுபோன தபாலை நான் பார்த்ததில்லை. 2011இல் நிறுத்திவிட்டார்கள், உலகம் முழுக்க இணையம் வேகமாகிவிட்டதென்று நினைத்து. லினக்ஸ் ஃபார் யூ பத்திரிகையை வாங்கினால் கூடவே வட்டு வரும். தபால்காரரும் பத்திரிகைக் கடைக்காரரும் அன்று செய்த வேலையைத்தான் நான் இப்போது தெலங்கானா அரசுப் பேருந்துக் கழகத்திடம் (டிஜிஎஸ்ஆர்டிசி) ஒப்படைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். செகந்திராபாத் பார்க் லேனில், கம்ப்யூட்டர் கடைகள் அடைத்துக்கொண்டிருக்கும் சிடிசி கட்டடத்தில் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கினேன். அந்தப் பக்கம் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் அதில் டெபியன் டிவிடி, மின்ட், உபுண்டு எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். கார்கானா, திருமலகிரி, லால் பஜார் என்று நெரிசலில் ஊர்ந்து வீடு வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபியும் நிரம்பி வருவதாக வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 142 மெகாபிட். தங்கள் வகைப்பாட்டிலேயே இது 'வேகமான பிராட்பேண்ட்'! பிங் மட்டும் ஒரு மணி நேரம். வீடியோ காலுக்கு உதவாது. பாக்கெட் லாஸ் கிடையாது, பிக்பாக்கெட் ஏறாத வரை.

கட்டணமும் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து மகாலட்சுமி திட்டத்தில் தெலங்கானாப் பெண்களுக்கு சிட்டி பஸ்ஸில் ஜீரோ டிக்கெட். இங்கேதான் தங்களிடம் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. டேட்டாவுக்குப் பாகுபாடான கட்டணம் கூடாது என்று 2016 பிப்ரவரி 8ஆம் தேதி ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தீர்கள். பரிகாசம் இல்லாமல் சொல்கிறேன், அது நல்ல காரியம். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒரே டெபியன் என் கைப்பையில் வந்தால் இலவசம், என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் வந்தால் டிக்கெட். இது வலைச் சமத்துவத்துக்கு விரோதமா, இல்லையா? உரிமத்துக்குப் பரிந்துரைக்கும் முன் தீர்மானித்துவிடுங்கள்.

பேருந்து உரிமம் தாமதமானால் பரவாயில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குள் ஒன்று மட்டும் செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மின்சாரச் செலவுக்கு நட்சத்திரம் ஒட்டச் சொல்கிறார்கள் அல்லவா? அதைப்போல, எந்த நிறுவனத்தின் இணையத் திட்டமானாலும் விளம்பரத்திலேயே, விலையின் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு வரி அச்சிட வையுங்கள்: "டேட்டா வரம்பு தீர்ந்தபின் 6 ஜிபி இறங்க ஆகும் நேரம் இவ்வளவு." மெகாபிட்டும் கிலோபிட்டும் எங்கள் தெருவில் பலருக்குப் புரியாது. எட்டு நாள் என்றால் எல்லாருக்கும் புரியும்.

இப்படிக்கு,
தங்கள் இலக்கணத்துக்கு உட்பட்ட சந்தாதாரர்.

நகல்: லோத்குண்டா, ஆல்வால், போலாரம் வாசகர்களுக்கு – பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு காலி பென் டிரைவோடு யாராவது வேகமான இணைப்புக்காரர் வீட்டுக்குப் போங்கள். நெட்இன்ஸ்ட் வேண்டாம், டிவிடி பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.